பிள்ளைகளுக்கு மூளைப் பாடம்
(தாய்மார், தகப்பன்மார், அங்கன்வாடிப் பணியாளர்கள், பள்ளி ஆசிரியர்கள் ஆகியோருக்கு)



நம் வீடுகளில் "மூளை" என்ற சொல் எப்போது வருகிறது? பையன் கணக்கைத் தப்பாகப் போட்டால் "மூளை இருக்காடா உனக்கு?" என்று கேட்கிறோம். பெண் பால் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டால் "மூளையை எங்கடி அடகு வெச்சே?" என்கிறோம். அந்தச் சொல் திட்டுவதற்குத்தான் பயன்படுகிறது. மூளை எங்கே இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது, அதை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பவர்கள் மிகக் குறைவு.

"அதெல்லாம் பள்ளிக்கூடத்துல சொல்லித் தருவாங்க" என்று விட்டுவிடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறிப்பார்கள். பரீட்சை முடிந்ததும் பாதி மறந்து போகும். ஆனால் தெருநாய் கடித்த ஒரு பிள்ளை, "அம்மா அடிப்பாங்க" என்று பயந்து காயத்தை மறைத்துவிட்டால் அதன் உயிருக்கே ஆபத்து. கடித்த இடத்திலிருந்து கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போகும் என்று தெரிந்த பிள்ளை மறைக்காது. ஓடி வந்து சொல்லும். அதனால்தான் குடும்ப நலப் பிரசுரத்தில் மூளைப் பாடம் வருகிறது. முதலில் பெரியவர்கள் தெரிந்துகொள்வோம். பிறகு பிள்ளைகளுக்குச் சொல்வோம்.

1. மூளை என்பது என்ன?

இரண்டு கைகளையும் முஷ்டியாக மடக்கி ஒன்றோடொன்று சேர்த்து வையுங்கள். வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ அந்த அளவுதான். எடை சுமார் 1,300 முதல் 1,400 கிராம். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான் மூளை. ஆனால் உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. தூங்கும்போதும் அது சும்மா இருப்பதில்லை.

பிள்ளைக்குச் சொல்ல மூன்று பாகங்கள் போதும்.

பெருமூளை: யோசிப்பது, பேசுவது, பார்ப்பது, கேட்பது, நினைவில் வைப்பது எல்லாம் இதன் வேலை. இதன் இடது பாதி உடம்பின் வலது பக்கத்தை ஆட்டி வைக்கிறது. வலது பாதி இடது பக்கத்தை ஆட்டி வைக்கிறது.

சிறுமூளை: பின்தலையில் கீழே இருக்கிறது. சைக்கிள் ஓட்டும்போது சாயாமல் இருப்பதும், நொண்டியாட்டத்தில் ஒற்றைக் காலில் நிற்பதும் இதன் தயவால்தான்.

முகுளம்: மூளையின் அடியில் கழுத்தை ஒட்டி இருக்கிறது. மூச்சு, இதயத் துடிப்பு இரண்டையும் நாம் நினைக்காமலே கவனித்துக்கொள்கிறது.

முகுளத்திலிருந்து கீழே இறங்குவது தண்டுவடம். முதுகெலும்புக்குள் பத்திரமாக இருக்கும் கனமான கயிறு என்று சொல்லுங்கள். அதிலிருந்து நரம்புகள் பிரிந்து கை விரல், கால் விரல் வரை போகின்றன. மின்சார வாரியத்தின் பெரிய கம்பியிலிருந்து வீட்டுக்கு வீடு ஒயர் பிரிந்து போவது போல. மூளையில் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாக அறிவியலார் கணக்கிட்டிருக்கிறார்கள். வேகமான நரம்புகளில் செய்தி ஒரு விநாடிக்கு 100 மீட்டர் அளவுக்கு ஓடுகிறது. காலில் முள் குத்தினால் உடனே "ஐயோ" என்று கத்துவதற்கு அதுவே காரணம்.

2. நாம் நரம்பு என்று காட்டுவது நரம்புதானா?

"நரம்பைக் காட்டு" என்று பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். மணிக்கட்டில் பச்சையாகத் தெரியும் கோட்டைக் காட்டும். பெரியவர்களும் அதையேதான் காட்டுவார்கள். "நர்சம்மா நரம்புல ஊசி போட்டாங்க" என்றும் சொல்கிறோம். உண்மையில் அது ரத்தக் குழாய். அதற்குள் ஓடுவது ரத்தம். நரம்பு வெளியே அப்படித் தெரியாது. உள்ளே வெள்ளை நூல் போல இருக்கும். அதில் ரத்தம் ஓடுவதில்லை, செய்திதான் ஓடுகிறது.

உண்மையான நரம்பைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. முழங்கை கதவில் இடித்தால் சுண்டு விரல் வரை "கரண்ட் அடிச்ச மாதிரி" சுர்ரென்று போகிறதே, அதுதான் நரம்பு! முழங்கையின் உள்பக்கம் எலும்புக்குப் பின்னால் தோலுக்கு அருகே அது ஓடுகிறது. சம்மணம் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப் போவதும் நரம்பு அழுந்துவதால்தான். எழுந்து காலை உதறினால் சிறிது நேரத்தில் சரியாகிவிடும்.

இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்குச் சொல்லி வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. வாலிப வயதில் "நரம்புத் தளர்ச்சி" என்று சுவரொட்டி ஒட்டிப் பணம் பறிக்கும் போலி வைத்தியர்களிடம் அவன் ஏமாற மாட்டான். நரம்பு எது, அது என்ன செய்கிறது என்று தெரிந்தவனை மிரட்டுவது கஷ்டம்.

3. செய்து பார்ப்போம்

சொல்வதைவிடச் செய்து காட்டுவது மேல். கீழே உள்ளவற்றுக்குக் காசு செலவில்லை.

அ) இளநீர்ப் பாடம். இளநீரை வெட்டும்போது பிள்ளையைக் கூப்பிடுங்கள். வெளி ஓடு மண்டை ஓடு மாதிரி. உள்ளே தண்ணீர், மூளையைச் சுற்றியும் அப்படி ஒரு நீர் உண்டு. வழுக்கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "மூளையும் இப்படித்தான் மெத்துனு இருக்கும். அதுக்குத்தான் சாமி இவ்வளவு கெட்டியான ஓடு வெச்சிருக்கார்" என்றால் போதும்.

ஆ) செய்தித்தாள் பாடம். விரித்த செய்தித்தாள் ஒன்றைச் சொம்புக்குள் வைக்கச் சொல்லுங்கள். கசக்கினால்தான் உள்ளே போகும். பெருமூளை மடிப்பு மடிப்பாக இருப்பது அதனால்தான். சின்ன மண்டைக்குள் பெரிய பரப்பு அடங்க வேண்டுமே!

இ) கைகோத்து ஆட்டம். பத்துப் பிள்ளைகள் கைகோத்து வரிசையாக நிற்கட்டும். முதல் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் கையை அழுத்த வேண்டும். அது அடுத்த கையை அழுத்தும். கடைசிப் பிள்ளை "வந்துடுச்சு" என்று கத்த வேண்டும். ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவுக்குச் செய்தி தருவது இப்படித்தான். நடுவில் ஒரு பிள்ளை கையை விட்டால் என்ன ஆகிறது என்றும் பார்க்கட்டும்.

ஈ) ஸ்கேல் பாடம். 30 சென்டிமீட்டர் ஸ்கேலை ஒருவர் மேலே பிடித்துக்கொண்டு சொல்லாமல் விட வேண்டும். மற்றவர் கீழே பூஜ்ஜியத்துக்கு நேராக விரல்களை விரித்து வைத்திருந்து பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் கண் பார்த்து, மூளை முடிவு செய்து, கை மூடுவதற்கு ஆன நேரம் சுமார் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. 30-ல் பிடித்தால் கால் விநாடி. தூக்கம் வரும் நேரத்தில் ஒரு முறை, காலையில் ஒரு முறை செய்து எழுதி வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். தூக்கம் மூளைக்கு எவ்வளவு அவசியம் என்று அவர்களுக்கே விளங்கும்.

உ) ஹேர்ப்பின் பாடம். ஹேர்ப்பின்னின் இரண்டு முனைகளையும் கொஞ்சம் நெருக்கி வைத்து, கண்ணை மூடிய பிள்ளையின் விரல் நுனியில் மெதுவாகத் தொடுங்கள். "ரெண்டு" என்று சரியாகச் சொல்லும். அதே இடைவெளியில் முதுகில் தொட்டால் "ஒண்ணுதான்" என்று சொல்லும். விரல் நுனியில் தொடு உணர்வு நெருக்கமாக இருக்கிறது, முதுகில் குறைவு.

பெரியவர் கூட இருந்துதான் இவற்றைச் செய்ய வேண்டும். கூரான பொருளும் நெருப்பும் வேண்டாம். சூடான தோசைக்கல்லைத் தொட்டதும் கை "வெடுக்"கென்று விலகுவது அனிச்சைச் செயல் என்பதை வாயால் சொன்னால் போதும். அந்தச் சமயத்தில் மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் தண்டுவடமே கையை இழுக்கச் சொல்லிவிடுகிறது. வலி அதற்குப் பிறகுதான் தெரிகிறது.

4. வலி ஒரு காவல்காரன்

"வலியே இல்லேன்னா நல்லா இருக்கும் இல்லேம்மா?" என்று பிள்ளை கேட்கும். இல்லை. இதற்கு நம் மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முன்பே இருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையையும் சைதாப்பேட்டையில் இருந்த குழந்தைகள் மருத்துவ நிலையத்தையும் எடுத்துக்கொண்டு 1955-ல் மத்திய அரசு இதை ஏற்படுத்தியது. தொழுநோயைத் தோல் வியாதி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதன் கிருமி நரம்புகளையும் தாக்குகிறது. நரம்பு கெட்டால் அந்த இடத்தில் வலி தெரியாது, சூடு தெரியாது. கொதிக்கும் டம்ளரைப் பிடித்தாலும் கை விலகாது. ஆணி குத்தினாலும் நடந்துகொண்டே இருப்பார்கள். புண்ணாகி, சீழ் பிடித்து, விரல் குறைந்து போகும்.

"விரல் தானாகவே அழுகி விழுகிறது" என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், உணர்வு போனதால் ஏற்படும் காயங்களே அதற்குக் காரணம் என்று காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914-ல் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர். வலி என்பது நமக்குக் கிடைத்த பாதுகாப்பு என்று அவர் ஓயாமல் எடுத்துச் சொன்னார்.

ஆகவே பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது கவனியுங்கள். தோலில் வெளுத்தோ சிவந்தோ தேமல் இருந்து, அதைத் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசம். நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் முழுமையாகக் குணமாகும். காலத்தில் வந்தால் ஊனமே வராது. வீட்டை விட்டு ஒதுக்கி வைக்கும் பேச்சுக்கே இடமில்லை.

5. நாய்க்கடி: மறைத்தால் ஆபத்து

இந்தப் பாடத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கக் கூடாது.

வெறிநாய்க்கடி நோயின் கிருமி கடித்த இடத்தில் நுழைந்து, நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையை நோக்கி ஊர்கிறது. நரம்பில் செய்தி மின்னல் மாதிரி ஓடும். இந்தக் கிருமியோ ஆமை மாதிரி மெதுவாகப் போகும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் வரை ஆகும். முகத்திலும் கழுத்திலும் கடித்தால் மூளை பக்கம் என்பதால் சீக்கிரம் போய்விடும். சிறு பிள்ளைகள் குள்ளமாக இருப்பதால் அவர்களுக்கு அந்த இடங்களில்தான் கடி படுகிறது. கிருமி மூளையைத் தொட்டு நோய்க்குறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரையும் காப்பாற்ற முடிவதில்லை. ஆனால் அந்த ஆமை போய்ச் சேருவதற்குள் நாம் முந்திக்கொண்டால் நோயே வராது.

செய்ய வேண்டியது:

கடித்தாலும், நகத்தால் பிறாண்டினாலும், புண்ணில் நக்கினாலும் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பிப் பொடி, மஞ்சள் எதுவும் அப்பக் கூடாது. கட்டுப் போடக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். ஊசி இலவசம். முதல் நாள் போட்ட பிறகு 3, 7, 28-ம் நாட்களிலும் தவறாமல் போட வேண்டும். டாக்டர் வேறு நாள் குறித்துக் கொடுத்தால் அதன்படி போட வேண்டும். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றிலும் இன்னொரு ஊசியும் தேவைப்படும். "நாய் நல்லாத்தானே இருக்கு" என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

"தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி" என்ற பயம் இன்னும் பல தாத்தா பாட்டிகளுக்கு இருக்கிறது. பிள்ளைகளையும் அதைச் சொல்லியே மிரட்டுகிறார்கள். அந்தப் பழைய ஊசி 2005-க்குப் பிறகு நம் நாட்டில் இல்லை. இப்போது கையில்தான் போடுகிறார்கள். நாய்க்குட்டி, பூனை, குரங்கு கடித்தாலும் இதே விதிதான்.

பிள்ளையிடம் இப்படிச் சொல்லி வையுங்கள்: "கண்ணு, நாய் கடிச்சா உன்னை நான் திட்டவே மாட்டேன். ஏன் அங்க போனேன்னும் கேக்க மாட்டேன். உடனே வந்து சொல்லிடு." சொன்ன வாக்கைக் காப்பாற்றுங்கள். ஒரு தடவை அடித்துவிட்டால் அடுத்த தடவை பிள்ளை சொல்லாது.

பாம்புக்கடியும் நரம்புப் பாடம்தான். ஏரிக்கரையும் காலி மனைகளும் உள்ள நம் பகுதிகளில் மழைக்காலத்தில் பாம்பு வீட்டுக்குள் வரும். நல்ல பாம்பு, கட்டுவிரியன் இரண்டின் விஷமும் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியைத் தடுக்கிறது. கட்டுவிரியன் இரவில் தூக்கத்தில் கடித்தால் வலிகூட இருக்காது. காலையில் பிள்ளைக்கு வயிற்று வலி, இமை தொங்குதல், விழுங்க முடியாமை இருந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கடித்த இடத்தைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். விஷமுறிவு மருந்து மருத்துவமனையில்தான் இருக்கிறது. அந்த மருந்து செய்யத் தேவையான விஷத்தை எடுத்துக் கொடுத்து வருபவர்கள், 1978-ல் தொடங்கிய, வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். நம் மாவட்டத்துக்கு அது பெருமை.

6. சாலையும் தண்டவாளமும்

ஜி.எஸ்.டி. சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் 11 மீட்டர் போகிறது. குறுக்கே யாரோ வருவதைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒரு விநாடி ஓடிவிடும். நாலு ஆட்டோவை வரிசையாக நிறுத்தினால் வரும் தூரம் அது. ஸ்கேல் பிடித்துப் பார்த்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும்.

தாம்பரம், சென்னைக் கடற்கரை இடையே மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. அன்று முதல் இன்று வரை தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பவர்கள் இருந்துகொண்டேதான் இருக்கிறார்கள். "வண்டி தூரத்துலதான் வருது, போயிடலாம்" என்று தோன்றுவது மூளை செய்யும் தப்புக் கணக்கு. பெரிய பொருள் நேராக நம்மை நோக்கி வரும்போது மெதுவாக வருவது போலவே தெரியும். 72 கிலோமீட்டர் வேக ரயில் 200 மீட்டரைப் பத்தே விநாடியில் கடந்துவிடும். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் காது தரும் எச்சரிக்கையும் போயிற்று. நடைமேம்பாலமும் சுரங்கப் பாதையும் சுற்றுவழிதான். ஆனாலும் அதுவே வழி.

தலைக்கவசம் இரண்டாவது மண்டை ஓடு. தகப்பன் போட்டுக்கொண்டு பிள்ளையை வெறும் தலையோடு முன்னால் உட்கார வைப்பது நியாயமா? 4 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் இரு சக்கர வண்டியில் தலைக்கவசம் கட்டாயம் என்று 2019-ம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சொல்கிறது. அளவான கவசமாக வாங்கி, தாடைப் பட்டையை மாட்டுங்கள். மாட்டாத கவசம் விழும்போது முதலில் கழன்று போகும்.

மூளையில் அறுவைச் சிகிச்சை நம் நாட்டுக்கு வந்து வெகு காலம் ஆகவில்லை. 1949-ல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் அதைத் தொடங்கினார்கள். இன்று பல இடங்களில் செய்கிறார்கள். ஆனால் எலும்பு முறிந்தால் கூடுவது போலச் செத்த நரம்பணு மறுபடி முளைப்பதில்லை. எவ்வளவு கெட்டிக்கார டாக்டரும் ஓரளவுக்குத்தான் செய்ய முடியும். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஒரு மாணவன் இரு சக்கர வண்டி விபத்தில் மூளைச் சாவு அடைந்தான். மருத்துவர்களான பெற்றோர் துக்கத்திலும் மகனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். நாடே அவர்களை வணங்கியது. உறுப்பு தானம் பெரிய தர்மம். பிள்ளையின் தலையைக் காப்பது அதற்கு முந்திய கடமை.

தலையில் அடிபட்ட பிள்ளைக்கு மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, காது மூக்கில் ரத்தம், எழுப்ப முடியாத தூக்கம் இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனை. கைக்குழந்தையைக் கொஞ்சுவதாக நினைத்துப் பலமாக உலுக்கவும் வேண்டாம். பிடரியில் அடிப்பதையும் மண்டையில் குட்டுவதையும் விட்டுவிடுங்கள். குட்டினால் கணக்கு வராது.

7. பிள்ளையும் உதவி செய்யலாம்

வகுப்பில் ஒரு மாணவனுக்கு வலிப்பு வந்தால் மற்றப் பிள்ளைகள் பயந்து ஓடுகிறார்கள். பெரியவர்கள் சாவிக்கொத்தைத் தேடுகிறார்கள். இரும்பு கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்பு சில நிமிடத்தில் தானே நின்றுவிடும். அதைப் பார்த்துவிட்டு இரும்புதான் நிறுத்தியது என்கிறோம். மூளையில் மின்னோட்டம் சற்று நேரம் தாறுமாறாகிறது, அவ்வளவுதான். அது பேயும் இல்லை, தொத்தும் வியாதியும் இல்லை. பக்கத்தில் உள்ள சாமான்களை நகர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்த வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றக் கூடாது. கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108.

தாத்தாவுக்குத் திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால் அது பக்கவாதம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டிருக்கலாம் அல்லது வெடித்திருக்கலாம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். "காலையில பாத்துக்கலாம்" என்றால் காலம் கடந்துவிடும். பகலில் பல வீடுகளில் தாத்தாவோடு இருப்பது பிள்ளைதான். "வாய், கை, பேச்சு, உடனே 108" என்று பாட்டாகவே பாட வைத்துவிடுங்கள்.

8. மூளை வளர வீட்டில் செய்ய வேண்டியது

மூளைக்கு அஸ்திவாரம் கர்ப்பத்திலேயே போடப்படுகிறது. கருத்தரித்த முதல் 28 நாளுக்குள், தாய்க்குத் தான் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே, மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மூலமான குழாய் மூடிவிடுகிறது. அதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். ஆகவே குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே நர்சம்மாவிடம் கேட்டு மாத்திரை சாப்பிடத் தொடங்குங்கள். கீரை, பயறு தினமும் வேண்டும். அயோடின் உப்பையே வாங்குங்கள். அயோடின் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும்.

பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியத்தை அறியாதவர் இல்லை. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. பச்சிளங் குழந்தைகளின் மூளை உறையையும் தாக்கும். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பெரிய ஆய்வு காட்டியது. ஆனால் குழந்தைகளுக்கு மூளையில் வரும் காசத்துக்கு அது நல்ல காவல். ஆகவே தவற விடாதீர்கள். போலியோ கிருமி தண்டுவடத்து நரம்பணுக்களைக் கொன்று காலை முடக்கும். சொட்டு மருந்தின் பலனாக 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கைக் கிருமியால் போலியோ வரவில்லை. 2014-ல் சான்றும் கிடைத்தது. அந்த நிலை நீடிக்கச் சொட்டு மருந்து தொடர வேண்டும்.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். 5 வயதுக்குள் மூளை பெரியவர் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துவிடுகிறது. ஆகவே அந்த வயதில் பேச்சும் பாட்டும் விளையாட்டும் சாப்பாட்டுக்குச் சமம். பள்ளிப் பிள்ளைக்கு இரவில் 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது. செல்போனைக் கொடுத்து அழுகையை நிறுத்துவது சுலபம். மடியில் வைத்து நாலு வார்த்தை பேசுவது மூளைக்கு உரம்.

9. எந்த வயதில் எவ்வளவு சொல்வது?

3 முதல் 5 வயது வரை: தலை, கண், காது, மூக்கு தொட்டுக் காட்டும் விளையாட்டு. "தலையைப் பத்திரமா வெச்சுக்கணும்" என்ற ஒரே செய்தி.

6 முதல் 9 வயது வரை: இளநீர், செய்தித்தாள், கைகோத்து ஆட்டம். நாய்க்கடியை மறைக்கக் கூடாது என்பது.

10 முதல் 14 வயது வரை: மூன்று பாகங்கள், தண்டுவடம், அனிச்சைச் செயல், ஸ்கேல் கணக்கு, வலிப்புக்கு முதலுதவி, பக்கவாதக் குறிகள். பீடி, மது, புகையிலை, போதைப் பாக்கு மூளையை எப்படி அடிமையாக்கும் என்பதையும் இந்த வயதில் சொல்லிவிட வேண்டும். காத்திருந்தால் கூட்டாளிகள் முந்திக்கொள்வார்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும். பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியவில்லையா? "வா, நர்சம்மாவைக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்" என்று அழைத்துப் போங்கள். அதுவும் ஒரு பாடம்.

10. பிள்ளைகளிடம் கேட்க ஆறு கேள்விகள்

1. மணிக்கட்டில் பச்சையாகத் தெரிவது நரம்பா, ரத்தக் குழாயா?
2. இடது கையை ஆட்டச் சொல்வது மூளையின் எந்தப் பாதி?
3. சூடான தோசைக்கல்லிலிருந்து கையை முதலில் இழுப்பது மூளையா, தண்டுவடமா?
4. நாய் கடித்தால் எத்தனை நிமிடம் கழுவ வேண்டும்? யாரிடம் சொல்ல வேண்டும்?
5. வலிப்பு வந்தவர் கையில் சாவி கொடுக்கலாமா?
6. தாத்தாவுக்கு வாய் கோணினால் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும்?

ஆறுக்கும் பிள்ளை சரியாகப் பதில் சொன்னால் தட்டிக் கொடுங்கள், முதுகில்! நாலாவது கேள்விக்கு மட்டும் தயங்கினால் இன்று இரவே மறுபடி சொல்லிக் கொடுங்கள். மற்றவை அடுத்த வாரம் வரை காத்திருக்கும், அது காத்திருக்காது.